ஓரகத்திக்குப் படித்த கதை

அக்கா,

இன்று மத்தியானம் வேறொரு புத்தகத்தைத் தேடப்போய் அந்தத் தடித்த நாவல் கையில் வந்தது. பிரித்ததும் தைல வாசனை. நெற்றியிலும் மூக்கிலும் நாளெல்லாம் தடவிக்கொண்டே இருப்பாயே, அந்தப் பச்சைத் தைலம். நான் படித்துக் காட்டும்போது நடுவில் கையை நீட்டுவாய். "குடு, இன்னும் எவ்ளோ கீதுன்னு பாக்கறேன்" என்று வாங்கி, கண் தெரியாத நீ, மீதிப் பக்கங்களை விரலால் அழுத்திப் பார்ப்பாய். அந்த விரல் பட்ட இடமெல்லாம் தாளில் லேசாக எண்ணெய் ஏறியிருக்கிறது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாசனை போகவில்லை.

உயிரோடு இருந்தவரை உன்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினேன். மூத்த ஓரகத்தி, இந்த வீட்டின் பெரிய மருமகள். இந்த மடலில் அந்த மரியாதை கிடையாது. 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். எனக்கு நீ தரவேண்டியதில் இந்தச் சின்னதையாவது நானே எடுத்துக்கொள்கிறேன்.

மாகறலிலிருந்து கல்யாணமாகி நான் மானாம்பதிக்கு வந்தபோது நீ வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டவள் நீ, தம்பியைக் கட்டிக்கொண்டவள் நான். ஒரே அடுப்படி. இருந்த அத்தனை பேரில் எழுத்தைத் தேடிப் படிக்கிறவர்கள் நாம் இரண்டு பேர்தான். வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்காரர் உத்திரமேரூர் போய் வரும்போது காய்கறிப் பைக்குள் வாரப் பத்திரிகையைச் சொருகிக்கொண்டு வருவார். முதலில் படிப்பது மூத்தவள் உரிமை என்று நீயே சட்டம் போட்டிருந்தாய். அதோடு விட்டாயா? மாவு ஆட்டும்போது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "இந்த வாரம் அந்த டாக்டரு செத்துட்டான்டி" என்பாய். மாவுக் கையோடு நான் காதைப் பொத்திக்கொள்வேன். காதெல்லாம் மாவு. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

தெரிந்த கதையையும் நான் ருசித்துத்தான் படித்தேன். கொல்லைப்புறத்து மாடிப்படியில் நடுப்படி ஒன்று உண்டு. மத்தியானத்தில் அங்கே மட்டும் நிழலும் காற்றும் சேர்ந்து வரும். மாமியார் கண் அசந்த பிறகு முந்தானையில் கொஞ்சம் வறுத்த வேர்க்கடலையை முடிந்துகொண்டு அங்கே போய் உட்காருவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கடலை என்று கணக்கு வைத்துக்கொள்வேன். கதை சூடுபிடித்தால் கணக்கு தப்பும். அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை இல்லை என்று எழுத முடியாது.

ஊரில் ஒற்றை அறை நூலகம் ஒன்று இருந்தது. உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வரும் பெரியவர்தான் நூலகர். ஓய்வு பெறப்போகிறவர். என் வயதில் அவருக்கு ஒரு பெண் இருந்தாள். சந்தா கட்டிச் சேர்ந்தேன். புதிய புத்தகம் வந்தால் எனக்கென்று மேசைக்கடியில் எடுத்து வைப்பார். ஒருநாள், "அம்மா, காலையில நூலகத்தைத் தொறந்து பாத்துக்க உள்ளூர்லயே ஒரு ஆள் போடப்போறாங்க. நீ பன்னெண்டாவது முடிச்சிருக்கற. உன் பேரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

அன்று நான் வீட்டுக்கு நடந்தா வந்தேன்? பறந்து வந்தேன். புத்தகங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி, அதில் நான். வரும் புத்தகத்தையெல்லாம் ஊரில் யாருக்கும் முன்னால் நான் படிக்கலாம். டாக்டர் செத்தானா பிழைத்தானா என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த ஆசையை நான் உன் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன், அக்கா. அடுப்புக்கு முன்னால், உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "நல்லதுதான்டி" என்றாய். அப்புறம் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாய்.

ராத்திரி ஆம்பிளைகள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் பேசுவதுபோல் நீ ஆரம்பித்தாய். "இவ புக்கு வாங்கத்தான் போறாளா, புக்கு குடுக்கறவரப் பாக்கப் போறாளான்னு தெருவுல பேசிக்கினு கீறாங்க அத்த. எனக்கின்னா வந்துச்சி, காதுல வுயுந்தத சொன்னேன்."

என் வீட்டுக்காரர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையில் என் உறுப்பினர் அட்டையையும், நான் பாதி படித்து வைத்திருந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். அவர் போட்ட சத்தம் இரண்டு தெரு தள்ளி என் அடுப்படி வரைக்கும் கேட்டது. அந்தப் பெரியவர் பிற்பாடு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். வேலை அடுத்த தெருப் பெண்ணுக்குப் போயிற்று. காலையில் அவள் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நம் வாசலைத் தாண்டிப் போவாள். நான் சாணி அள்ளிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு வாரப் பத்திரிகை உன் பீரோவைத் தாண்டி வரவில்லை. நீயும் கதை சொல்வதை விட்டுவிட்டாய். நான் என்ன படித்தேன் தெரியுமா? பருப்புப் பொட்டலத்துத் தாளைப் படித்தேன். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தைப் படித்தேன். என் பிள்ளை கார்த்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவனுடைய தமிழ்த் துணைப்பாடம் கிடைத்தது. அதில் சின்னச் சின்னக் கதைகள் இருக்கும். அவன் படிக்கும் முன்னாலேயே நான் முடித்துவிடுவேன். அவனுக்குக் கதை சொல்லிக் கொடுக்கிறேன் என்கிற சாக்கில் ஒரே கதையைப் பத்துத் தடவை படிப்பேன். பக்கத்து அறையில் நீ புரட்டும் பத்திரிகையின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனசுக்குள் உனக்கு ஒரு சாபம் கொடுப்பேன்.

பிறகு பாகம் பிரித்தார்கள். கூடத்துக்குக் குறுக்கே சுவர் வந்தது. மாமியார் போனார், உன் வீட்டுக்காரரும் போனார். கார்த்திக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில், "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று கேட்டான். புடவை சொல்வேன் என்று நினைத்திருப்பான். "கத புக்கு" என்றேன். போனிலேயே எதையோ தட்டினான். நாலு நாளில் வாசலில் பார்சல் வந்து நின்றது.

அன்றிலிருந்து எனக்கு வந்த வாழ்வைக் கேள். கத்தரிக்கோலால் பார்சலின் ஓரத்தை வெட்டுவதே ஒரு சுகம். புதுத் தாளை மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பேன். முதல் பக்கத்தை இரண்டு தடவை படிப்பேன். ஐப்பசி மழையில் வெளியே போக வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் சூடாக டீயும் மிக்சரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் குக்கர் எத்தனை விசில் விட்டது என்றே தெரியாது. குழைந்த சோற்றை என் வீட்டுக்காரர் பேசாமல் தின்றார். புத்தகம் வாங்கிக் கொடுப்பவன் சம்பாதிக்கிற பிள்ளையாயிற்றே, என்ன சொல்வார்? நான் உட்கார்ந்த இடம் எது என்று உனக்குத் தெரியும். உன் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பக்கம் புரட்டும் சத்தம் உனக்குக் கேட்க வேண்டும். அதற்காகவே கொஞ்சம் அழுத்திப் புரட்டுவேன்.

கேட்டிருக்கிறது. சர்க்கரை வியாதி உன் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டிருந்த நேரம். உன் பிள்ளையும் மருமகள் மஞ்சுவும் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை நீ ஒருத்திதான். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தேவகி, இன்னாடி படிச்சிக்கினு கீற?"

"கதைதான்."

"எனக்குக் கேக்கறாப்ல படியேன். பகல்ல பொழுதே போவல."

நான் வந்தேன். இரக்கத்தில் வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ கட்டிலில் கிடக்க, புத்தகம் என் கையில் இருக்க, நான் எப்போது வருவேன் என்று நீ காத்திருப்பதைப் பார்க்க வந்தேன்.

ஆனால் ஒன்று. உன்னைப்போல் கதை கேட்கிறவளை நான் பார்த்ததே இல்லை. உப்பளத்து ஊரில் அக்கா, தங்கை இருவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் அக்கா காணாமல் போகிறாள். தங்கை அவளைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். இதுதான் அந்தத் தடித்த நாவலின் கதை. ஒவ்வொரு வரிக்கும் 'உம்' கொட்டுவாய். பாத்திரங்களோடு சண்டை போடுவாய். "அவன நம்பாதடி, முண்டம், அவன் கண்ணே சரியில்ல" என்று தங்கையை அதட்டுவாய். தனியாகப் படித்திருந்தால் எனக்குத் தோன்றியே இருக்காத விஷயமெல்லாம் உன் வாயிலிருந்து வந்தது. மூன்று மணி எப்போது ஆகும் என்று காலையிலிருந்தே மனம் பரபரக்கும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

கதை நடுவில் ஓர் இடம். தங்கைக்குப் படிப்பு சொல்லிக் கொடுத்த வாத்தியாரோடு அவளை இணைத்து ஓர் அத்தை ஊரெல்லாம் சொல்லிவிடுகிறாள். அவளுடைய படிப்பு அதோடு நின்றுபோகிறது. நான் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். நீ படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"அடிப்பாவி! நாக்கு அயுவிப் பூடும் அவளுக்கு. ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டாளே!"

படிப்பதை நிறுத்திவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை, அக்கா. கூச்சம் இல்லை, ஒரு சின்ன நினைவுகூட இல்லை. உண்மையாகவே அந்த அத்தைமேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாய். கண்ணில் நீர்கூட வந்திருந்தது. என் வாழ்க்கையில் நீ போட்ட மண் உனக்கு ஞாபகத்தில் தங்கும் அளவுக்குக்கூடப் பெரிதில்லை.

"அப்பால இன்னா ஆச்சி? படி" என்றாய்.

படித்தேன். ஒரு நாள்கூட விடாமல் வந்து படித்தேன். தங்கை ஒவ்வொரு ஊராகப் போனாள். கடைசியில் அக்கா இருக்கும் இடத்துக்குத் துப்புக் கிடைத்தது, பஸ் ஏறினாள். அதோடு அத்தியாயம் முடிந்தது. இன்னும் ஒரே ஓர் அத்தியாயம். புத்தகத்தை மூடினேன்.

"இன்னாடி மூடிட்ட?"

"கடைசி ஒண்ணுதான் கீது. அத படிக்கணும்னா நீங்க என் வூட்டுக்காரரக் கூப்ட்டு ஒரு வார்த்த சொல்லணும். லைப்ரரி வேலைக்கு என் பேரு போனப்ப நீங்க சொன்னது பொய்யின்னு சொல்லணும்."

நீ தலைமாட்டைத் துழாவினாய். தைலத்தை எடுத்துத் தடவிக்கொண்டாய்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"ஞாபகம் வந்தா கூப்பிடுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மூன்று மணிக்கு டீ போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் மட்டும் படித்தேன். அது சிரிக்கிற அத்தியாயம் இல்லை. ஆனாலும் நடுநடுவே உனக்குக் கேட்கும்படி சிரித்தேன். "அட, இப்படி ஆயிடுச்சே!" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அந்த ஒரு மத்தியானம் எனக்குக் கிடைத்த இனிப்பு எந்தத் தீபாவளிக்கும் கிடைத்ததில்லை.

நீயும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதையை யாராவது படித்துக் குரலாகப் போட்டிருக்கிறார்களா என்று போனில் தேடும்படி மஞ்சுவிடம் சொன்னாய். இல்லை என்றாள். பிறகு அவள் கையில் கருவாட்டுக் குழம்பு கொடுத்து அனுப்பினாய். எனக்குப் பிடித்த வஞ்சிரக் கருவாடு, கத்தரிக்காய் போட்டது. ஒட்ட வழித்துச் சாப்பிட்டேன். கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்பினேன். வெறும் கிண்ணத்தை அனுப்புவது நம் வீட்டு வழக்கமில்லை. தெரிந்துதான் அனுப்பினேன்.

"பெரியம்மா, அத்த சரியா சாப்புட மாட்டேங்குது" என்று மஞ்சு தயங்கித் தயங்கிச் சொன்னாள். உறவுமுறையில் நான் அவளுக்குச் சின்ன மாமியார். ஆனால் அந்தப் பெண் பிரியத்தில் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே ஆள் அனுப்பினாய், என் வீட்டுக்காரரை வரச் சொல்லி. நானும் பின்னாலேயே வந்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்.

"ஏம்பா, லைப்ரரிக்காரரையும் இவளையும் சேத்து அன்னிக்கி நான் சொன்னது பொய். தெருவுல ஒருத்தரும் அப்டிப் பேசல. நானாத்தான் சொன்னேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! அவர் முகம் எப்படி மாறும் என்று எத்தனை தடவை மனசுக்குள் பார்த்திருப்பேன்!

அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணி."

நீ திரும்பினாய். "தெரியுமா?"

"அந்தாளு ரிட்டயராவப் போற மனுசன். அது கூடவா தெரியாது?"

"அப்பறம் எதுக்குப்பா அங்க போயி அவ்ளோ சத்தம் போட்ட?"

"இவ காலைல போயி அங்க குந்திக்கினா மாட்ட யாரு பாக்கறது? அம்மாவுக்கும் முடியாம இருந்துச்சி. வேணாம்னு சொன்னா அயுவா, மூஞ்சத் தூக்கிக்கினு திரிவா. நீங்க சொன்னது தோதா இருந்துச்சி. முடிஞ்சுபோன கதைய இப்ப எதுக்கு எடுக்கறீங்க? கரண்டு வர்ற நேரம், மோட்டார் போடணும்."

போய்விட்டார். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ இருட்டுக் கண்ணோடு என் பக்கம் பார்த்தாய்.

"நான் ஒருத்திதான் உன்னக் கெடுத்துட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி" என்றாய். ஆக, ஞாபகம் இல்லை என்றதும் பொய். "எட்டாவதோட என்ன நிறுத்திட்டாங்க. நானும் பன்னெண்டு படிச்சிருந்தா அந்த வேல எனக்கு வந்திருக்கும்ல? நீ கையப் புடிச்சிக்கினு சொன்னப்ப வயிறு எரிஞ்சிச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"அவர் பண்ணது அவருக்கு. நீங்க பண்ணது உங்களுக்கு" என்றேன். இரண்டு பேர் செய்தால் பாதி பாதியாகக் குறைந்துவிடுமா என்ன?

மறுநாள் மூன்று மணிக்கு வந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். தங்கை அந்த ஊருக்குப் போய்ச் சேர்கிறாள். பஸ் ஜன்னல் வழியாக அக்காவைப் பார்க்கிறாள். இட்லிக் கடை முன்னால் இரண்டு பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள் அக்கா. தங்கை இறங்கவில்லை. பஸ் போகிறது. அவ்வளவுதான்.

"எறங்கலியா?" என்றாய்.

"எறங்கல."

"பஸ்ஸு போயிடுச்சா?"

"போயிடுச்சி."

"த்தூ. இதுக்கா நான் அவன் எதிர்ல வாயத் தொறந்தேன்?" பிறகு நீயே, "நீயா இருந்தா எறங்கி நாலு அற வுட்டிருப்ப" என்றாய்.

"ஆமா, வுட்டிருப்பேன்."

நீ சிரித்தாய். நானும் சிரித்திருப்பேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே கறவை மாட்டை விற்றேன். என் பேரில் மகளிர் குழுக் கடனில் வாங்கிய மாடு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் வயலிலிருந்து வந்து வெறும் கட்டுத்தறியைப் பார்த்துவிட்டு, "மாடு எங்க?" என்றார். "பாத்துக்க ஆள் இல்ல. நான் படிக்கப் போறேன்" என்றேன். கொட்டகையைக் கழுவி, தரைக்குச் சிமெண்டு பூசி, ஃபேன் மாட்டி, கார்த்தி வாங்கிக் கொடுத்த அலமாரியை வைத்தேன். அவர் இப்போது பாக்கெட் பால் டீதான் குடிக்கிறார், அதையும் மூன்று மணிக்கு அவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பாக்கெட் பால் அவருக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னபோது நீ கை தட்டினாய். அதற்குப் பிறகும் நாம் சில புத்தகங்கள் முடித்தோம். பிறகு சிறுநீரகம் கெட்டு உன்னைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது, "வரும்போது படிக்கறதுக்கு எதனா எடுத்துக்கினு வா" என்றாய். நான் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியத்தன்று உன் ஊர் ஐயங்கார்குளத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண், "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களாட்டம் இருந்தீங்களாமே" என்று என் கையைப் பிடித்தாள். "இல்லம்மா, அவங்க எனக்குக் கெடுதல் பண்ணவங்க" என்றேன். பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது. சொல்லிவிட்டு நான்தான் அங்கே எல்லோரையும்விட அதிகமாக அழுதேன். மஞ்சு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மஞ்சு கொட்டகைக்கு வருகிறாள். அவளுக்கு நான் படித்துக் காட்டுவேன். சில நாள் என் வீட்டுக்காரர் டீ டம்ளரோடு வெளியே சுவரில் சாய்ந்து நின்று கேட்கிறார். போன வாரம், "அப்பால அந்தப் பையன் இன்னா ஆனான்?" என்றார். "தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டு படித்தேன்.

அவர்மேல் உள்ளது ஒருநாள் தீர்ந்தாலும் தீரலாம். தினமும் எதிரில் நின்று டீ ஆற்றுகிற மனிதரை எத்தனை நாள் வெறுக்க முடியும்? உன் விஷயம் அப்படியில்லை. உன்னை மன்னித்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. நல்ல வரி ஒன்று கண்ணில் பட்டால், இதற்கு நீ என்ன திட்டு திட்டியிருப்பாய் என்று தோன்றுகிறது. அடுத்த நொடியே சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போன அந்தப் பெண்ணும் என் சாணிக் கையும் ஞாபகத்துக்கு வருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் எனக்குள்ளேயே இருக்கின்றன.

நேற்று ஒரு நாவல் வந்திருக்கிறது, அக்கா. செங்கல் தடிமன். ஒரு பெரிய வீடு, இரண்டு மருமகள்கள், முதல் அத்தியாயத்திலேயே ஒரு கொலை. உனக்கு உயிராகப் பிடித்திருக்கும். யார் செத்தது, யார் செய்தது, எதற்காகச் செய்தது, ஒன்றையும் உனக்குச் சொல்லமாட்டேன்.